பலாத் தோலுக்கு இன்சூரன்ஸ் கிடையாது

சங்கராபுரத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். படத்தை வாடிக்கையாளர் தருவார். அதன் கீழே போடும் வாசகம் என்னுடையது. மாப்பிள்ளையின் நண்பர்கள் என்னைத் தேடி வருவதே அந்த வாசகத்துக்காகத்தான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை படத்துக்குக் கீழே, 'இன்றோடு இவர் பேசி முடித்தார்' என்று அடித்துக் கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்த மாப்பிள்ளையின் பெரியப்பா அதைக் கண்ணீர் அஞ்சலி என்று நினைத்து மண்டபத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கும் நான்தான் முதலில் சிரித்தேன்.

ஊரில் யார் தடுக்கி விழுந்தாலும் சிரித்துவிட்டுப் பிறகு கை கொடுக்கிற ஆள் நான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. என் இடது கரண்டைக் காலில் இப்போது ஒரு தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. மழை வருவதற்கு முன் அவை எனக்குச் சொல்லிவிடும். மழை இல்லாத நாளிலும் சில சமயம் வலிக்கும். அது வேறு வலி.

ஆனி மாதம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மறுநாள் காதுகுத்து. குழந்தையின் தாய்மாமன் இருபது அடிக்கு பேனர் கேட்டிருந்தார். முதலில் அடித்ததில் அளவு தப்பி, தாய்மாமனின் மீசையில் பாதி பேனருக்கு வெளியே போய்விட்டது. வேறு அடித்தேன். தப்பானதை எறிய மனசில்லாமல், நல்ல பேனருக்கு உறையாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பேனரைக் கட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கம்பம் நட்டுக் கொடுத்த இரண்டு பேரும் பந்தல் சாமான் எடுத்துவரப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். பேசாமல் பஸ்ஸுக்கு நடந்திருக்கலாம். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் இடுப்பளவு உயரம்தான். அதன் மேல் ஏறி, தாய்மாமன் மீசைக்கு நேராக என் மீசையும் வருகிற மாதிரி நின்று செல்ஃபி எடுத்தேன். ஒன்பது எடுத்தேன். ஒன்பதிலும் என் தொப்பைதான் முன்னால் நின்றது. குதிக்கிற மாதிரி போஸ் கொடுத்தால் தொப்பை உள்ளே போகும் என்று ஒரு யோசனை. குதித்தேன்.

கீழே யாரோ பலாப்பழம் தின்றுவிட்டுத் தோலை மாட்டுக்கென்று குவித்து வைத்திருந்தார்கள்.

பத்தாவது படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கொஞ்சம் வானம், பாதி மீசை, ஓரத்தில் பலாத் தோல் குவியல், அதற்கு மேலே காற்றில் ஒரு செருப்பு.

காலில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. தோல் குவியலின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பெண் மொபெட்டில் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் மூன்று என்று நாலு பலாப்பழம் கட்டியிருந்தார்.

"இன்னா சார், தோலு மேல உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"சும்மாதாம்மா. காத்து வாங்கறேன்."

"காத்து வாங்கறது சரி. காலு ஏன் அந்தப் பக்கம் பாக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பாதம் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு திசையில் திரும்பியிருந்தது. அங்கே போனில் சிக்னல் கிடையாது. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. நாலு பலாப்பழத்தையும் இறக்கி ரோட்டோரம் வைத்தார். பந்தலுக்குக் கிடந்த மூங்கில் தப்பை இரண்டை எடுத்து என் காலுக்கு இரண்டு பக்கமும் கொடுத்தார். சுற்றிக் கட்டத் துணி தேடியபோது என் தப்பு பேனர்தான் கண்ணில் பட்டது.

"உங்க போட்டாவா சார் இது?"

"இல்லம்மா. தாய்மாமன்."

"நல்லதாப் போச்சு. மாமன் புடிச்சிக்கினா வுடமாட்டாரு" என்று இழுத்துக் கட்டினார்.

என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலை இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் நான் அலறினேன். "கத்துங்க சார், நல்லா கத்துங்க. ஆரன் வேல செய்யல" என்றார். அவ்வளவு வலியிலும் சிரிப்பு வந்தது. எனக்குச் சமமாகப் பேசுகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றுகூட நினைத்தேன். அடிவாரம் வந்து சிக்னல் கிடைத்ததும் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். என்னை ஏற்றும்வரை கூடவே நின்றார். நான் அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என் காலைப் பார்த்தார். கரண்டையைச் சுற்றி தாய்மாமன், அவர் சம்சாரம், குழந்தை, வரிசையாகப் பங்காளிகள் எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுல பேஷண்ட் யாருப்பா?"

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவரும் சிரித்தார். எத்தனையோ பேரை வைத்து நான் சிரித்திருக்கிறேன். என்னை வைத்து நாலு பேர் சிரித்தபோது காதெல்லாம் சூடானது. அந்த நேரம் பார்த்து டாக்டர், "எப்பிடி ஆச்சு?" என்று கேட்டார்.

ஸ்ட்ரெச்சர்காரர் எங்கள் ஊர்ப் பக்கம். செல்ஃபி எடுக்கக் குதித்துப் பலாத் தோலில் விழுந்தேன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் சங்கராபுரம் டீக்கடைகளில் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். எதிர்க்கடை ஃபிளெக்ஸ்காரன் என் படத்தைப் போட்டு, என் பாணியிலேயே ஒரு வாசகமும் போட்டு, பஸ் ஸ்டாண்டில் கட்டுவான். நானாக இருந்தால் கட்டியிருப்பேன்.

"வண்டி ஒண்ணு அடிச்சிட்டுது டாக்டர்."

"இன்னா வண்டி?"

"தெரியலிங்க. நிக்காம பூட்டான்."

அவர் அதை ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் ஆரம்பம். பேராசை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், முன்பின் தெரியாத ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். விபத்து வழக்குக்கு வக்கீலிடம் ஆள் சேர்த்துவிடுகிறவர். ஒவ்வொரு கட்டிலாக ஆரஞ்சு வைத்துக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டு வைத்தார். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்ததால் இருக்கலாம்.

"தலைவரே, ஓடிப்போன வண்டிக்கெல்லாம் பெருசா ஒண்ணும் வராது. நிக்கிற வண்டியா பாருங்க."

"எந்த வண்டியும் இடிக்கலியே" என்று குரலை இறக்கிச் சொன்னேன். அவரிடம் மட்டும் ஏனோ உண்மை வந்துவிட்டது.

அவர் அசரவில்லை. "யாருக்குதான் இடிச்சுது? அதோ அந்த மூணாவது கட்டிலு, மாட்டுக் கொட்டாயில வழுக்கினவரு. இடிச்ச வண்டிய நாமதான் ஏற்பாடு பண்ணணும். சொந்தத்துல ஒருத்தர் 'நான்தான் இடிச்சேன்'னு ஒத்துக்கினா போதும். குடுக்கப் போறது இன்சூரன்ஸ்காரன். யார் வூட்டு நெல்லும் கொறயாது. ஆனா வண்டிக்கு பேப்பர் உயிரோட இருக்கணும்."

கடையை மூன்று மாசம் மூட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேனர் கடைக்கு ஆவணி முகூர்த்தம்தான் அறுவடை. யோசித்தேன் என்று சொல்வது கௌரவம். உண்மையில் யோசிக்கவே இல்லை, உடனே போனை எடுத்துவிட்டேன். மச்சானைக் கேட்டேன். அவர் பைக் இன்சூரன்ஸ் முடிந்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. டீக்கடைக்காரர் ஸ்கூட்டருக்கு ஆர்.சி. புத்தகமே வேறு யார் பேரிலோ இருந்தது. சித்தப்பா மகன் மினி லாரி வைத்திருக்கிறான். "லைசென்ஸ் இருக்குதாடா?" என்றேன். "எதுக்குண்ணா? நம்ம ஏரியாதானே ஓட்டறேன்" என்றான். என் சொந்தபந்தத்தில் ஓடிக்கொண்டிருந்த எந்த வண்டியும் சட்டப்படி ஓடவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் அந்த மலைக்காரப் பெண் வார்டுக்கு வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய என் இடது செருப்பு.

"வண்டியில மாட்டிக்கினு இருந்துச்சு சார். ஒத்த செருப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

என் மனைவி அதை வாங்கிப் பார்த்தார். அடியில் பலாப்பால் அப்பி, ஒரு துண்டுத் தோலும் ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏங்க, உங்கள அடிச்ச வண்டி பலாப்பழத்துலயா ஓடுது?"

நான் கண்ணை மூடி வலி வந்த மாதிரி முனகினேன். மனைவி விடவில்லை. "நீ பாத்தியாம்மா எப்பிடி வுழுந்தாருன்னு?"

"நான் வரப்ப தோலு மேல உக்காந்துக்கினு இருந்தாரும்மா. காத்து வாங்கறேன்னாரு."

மனைவி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனார். அவர் அப்போது போகாமல் இருந்திருக்கலாம்.

நான் பேச்சை மாற்றி, அந்த நாலு பலாப்பழம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ரெண்டு கொரங்கு தின்னுட்சி. ரெண்ட நான் வித்துட்டேன். கொரங்குக்கும் பசிக்குமில்ல" என்று சிரித்தார். கணவர் குடகில் மிளகு பறிக்கப் போயிருப்பதையும், சந்தைக்குப் பழம் கொண்டுபோகவே மொபெட் வாங்கியதையும் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். பெருமையாக இன்னொன்றும் சொன்னார்.

"எங்க ஊர்ல லைசென்ஸ் எடுத்த மொத பொம்பள நான்தான் சார். மகளிர் குழுவுல கார் ஓட்டக் கத்துக் குடுத்தாங்க. அதுக்கும் சேத்தே எடுத்துட்டேன். பஞ்சாயத்துல குப்ப எடுக்க பேட்டரி வண்டி வரப் போவுதாம். ஓட்ட ஆள் கேட்டாங்க. எழுதிப் போட்டிருக்கேன். மொத பேரு என்னுதுதான். அது மட்டும் கெடச்சிட்டா அவர குடகுக்கு அனுப்ப வேணாம்."

இந்த நேரத்தில்தான் ஆரஞ்சுக்காரர் உள்ளே வந்தார். லைசென்ஸ் என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏம்மா, உன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?"

"ஏன் இல்லாம?" என்று தன் பையிலிருந்து ஜவுளிக்கடை ஜிப் கவர் ஒன்றை எடுத்தார். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று என்று எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஆரஞ்சுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி. மலையிலும் தரையிலும் நான் தேடிய வண்டி அதுதான். எல்லாம் ஒழுங்காக வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக அவர் மாட்டினார்.

ஆரஞ்சுக்காரர் பதமாகச் சொன்னார். நீ மெதுவாகத்தான் வந்தாய், இவர் குறுக்கே வந்தார், லேசாகப் பட்டுவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

"நான் இடிக்கவே இல்லியே."

"தெரியும்மா. பேருக்குதான். ஃபைன் கட்டச் சொன்னா நாங்க கட்டிடறோம். உனக்கு ஒண்ணும் ஆவாது. சார பாரு, கடைய மூடிக்கினு கெடக்கறாரு."

அந்தப் பெண் என் காலைப் பார்த்தார். இரக்கப்பட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஆரஞ்சுக்காரரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. இதனால என் லைசென்ஸுக்கு எதனா வருமா?"

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் ஸ்டேஷனில் பேர் ஏறினால் எழுதிப் போட்ட வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. ஒரு கணம் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

"உன் லைசென்ஸுக்கா? மலைக்கே இருக்கறது ஒரே ஒரு லைசென்ஸு. அதப் புடுங்கினா அப்புறம் போலீஸ்காரங்க யாரப் புடிச்சி 'லைசென்ஸ் எடு'ன்னு கேப்பாங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஆரஞ்சுக்காரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதில் அவர் கேட்டதற்குப் பதிலே இல்லை. இத்தனை நாள் கழித்தும் அந்த வாசகத்தை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்து வாக்கரோடு தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தார்.

"சார், ஸ்டேஷன்ல என் லைசென்ஸ வாங்கி வச்சிக்கினாங்க. எப்ப குடுப்பாங்க? சந்தைக்கு வண்டி எடுக்க பயமா இருக்குது."

"கேட்டுச் சொல்றேம்மா."

கேட்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போன் வந்தது. மேஜையின் மேல் அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊன்றுகோல் எட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனை எடுக்க ஊன்றுகோல் எதற்கு? மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை.

ஆடி கடைசியில், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கடையைப் பாதித் திறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த மலைப் பஞ்சாயத்தின் கிளார்க் பேனர் அடிக்க வந்தார். பேட்டரி வண்டி தொடக்க விழா.

"எல்லா போட்டாவும் இந்த பென்டிரைவ்ல இருக்குது. டிரைவர் எடத்த மட்டும் காலியா வுடுங்க."

"ஏன், டிரைவரு வரலியா?"

"மொத பேரு ஒரு அம்மாவுது. நல்லா ஓட்டும். ஸ்டேஷன்ல விசாரிச்சா ஆக்சிடென்ட் கேஸ் இருக்குதுன்றாங்க. கீழயிருந்து வந்த எவனோ தரைக்காரன் கரண்டைய ஒடச்சிட்டுதாம்."

நான் ஸ்டூலிலிருந்து காலை மெதுவாக எடுத்து மேஜைக்கு அடியில் விட்டேன். உயிர் போனது.

"அந்தம்மா இன்னா சொல்லுது?"

"இன்னா சொல்லும்? 'இடிச்சியாம்மா'ன்னு தலைவரே கேட்டாரு. தல குனிஞ்சிக்கினு நிக்குது. 'கையெழுத்துப் போட்டுட்டேங்க, இப்ப மாத்திச் சொன்னா அந்த சாருக்குக் கஷ்டம்'னு சொல்லுது. வர வெள்ளிக்கிழமைக்குள்ள கேஸு இல்லன்னு ஆனா பாக்கலாம். இல்லன்னா ரெண்டாவது பேரு." கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். "உங்க காலுக்கு இன்னா?"

"சுளுக்கு" என்றேன்.

அன்று மத்தியானம் கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தேன். மனைவி இலைக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் பொட்டலத்தை வைத்தார். பிரித்தேன். அந்த இடது செருப்பு. தோல் துண்டு கல்லாகக் காய்ந்து அப்படியே இருந்தது.

"தூக்கிப் போடலியா இத?"

"பலாப்பால் போவாதுங்க. நல்லெண்ணெ போட்டா போவும். நான் போடல." ரசத்தை ஊற்றினார். "கிளார்க்கு பேசினது உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு உங்கள சுமந்துக்கினு வந்துச்சு. நீங்க அது மேல ஏறி உக்காந்துக்கினு இருக்கீங்க. இன்னும் எறங்கல."

நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் மச்சானைக் கூப்பிட்டு, இன்சூரன்ஸ் இல்லாத அவர் பைக்கிலேயே அடிவாரத்து ஸ்டேஷனுக்குப் போனேன். வழியில் ஆரஞ்சுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். "தலைவரே, கால ஒடச்சிக்கினதும் நீங்க, கேஸ ஒடச்சதும் நீங்க. தின்ன ரெண்டு ஆரஞ்சு எனக்கு நஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

ஏட்டு முதலில் நம்பவில்லை. "யோவ், கேஸு சார்ஜ் ஷீட் போடற நேரத்துல வந்து வெளயாடறியா? அந்தம்மா எதனா மெரட்டுச்சா?"

"இல்லிங்கய்யா. நான்தான் பொய் சொன்னேன். தோல் வழுக்கிச்சு."

"இன்னா தோலு?"

"பலாத் தோலு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து செருப்பைக் காட்டினேன். போனை எடுத்து ஒன்று முதல் பத்து வரை படங்களைக் காட்டினேன். பத்தாவதில் அவர் குலுங்க ஆரம்பித்தார். பக்கத்து மேஜைக்காரர் வந்தார். கம்ப்ளெய்ண்ட் கொடுக்க வந்த இரண்டு பேர் வந்தார்கள். போன் கைமாறிக்கொண்டே போனது. "தொப்பைய உள்ள இழுக்கத்தான் குதிச்சாராம்யா" என்று யாரோ எனக்கே சொல்லிக் காட்டினார். டாக்டர் முன்னால் எந்தச் சிரிப்புக்குப் பயந்து பொய் சொன்னேனோ, அது நாலு மடங்காக வந்து நின்றது. பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஸ்ட்ரெச்சரோடு முடிந்திருக்கும்.

அந்தப் பெண்ணையும் வரச் சொன்னார்கள். அவர் பஸ்ஸில் இறங்கி வர மூன்று மணி நேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் அந்த ஜிப் கவர், லைசென்ஸ் இருந்த இடம் மட்டும் காலியாக. ஏட்டு என் வாக்குமூலத்தை அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். 'செல்ஃபி எடுக்கும் பொருட்டு மேற்படி சுவரிலிருந்து நானாகவே குதித்து, அங்கே கிடந்த பலாப்பழத் தோலின் மீது...' ஸ்டேஷனே மறுபடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. யாருக்கோ நடந்த துக்கச் செய்தியைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து எனக்குத் தகுந்த மாதிரி திட்டினார். பொய்ப் புகார் கொடுத்ததற்கு என் மேல் கேஸ் போட ரெண்டு நிமிஷம் ஆகாது என்றார். போடவில்லை. ஏன் என்று தெரியாது. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். புகார் தவறு என்று எழுதி வழக்கை முடித்தார்கள். வியாழக்கிழமை பஞ்சாயத்துக்கு அதன் நகலும் போய்ச் சேர்ந்தது. லைசென்ஸை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் லைசென்ஸைக் கவருக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஊன்றுகோலோடு போய் நின்றேன்.

"தப்பு பண்ணிட்டேம்மா."

ஜிப்பை இழுத்து மூடினார். ஒரு பக்கம் சிக்கியது. சரி செய்து மறுபடி மூடினார்.

"அன்னைக்கு நான் உங்களதான் கேட்டேன் சார். அந்த ஆளக் கேக்கல."

"ஆமாம்மா."

"நீங்க என்னச் சிரிக்க வச்சீங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஆவணியில் தொடக்க விழா. பேனரில் டிரைவர் இடத்தில் அவர் படம். கீழே பேரும் 'ஓட்டுநர்' என்பதும் மட்டும் போட்டேன். வாசகம் எதுவும் எழுதவில்லை. "உங்க ஸ்டைல்ல ஒரு வரி போடலியா?" என்று கிளார்க் கேட்டார். எடுப்பாக இருக்காது என்றேன். பேனரோடு நானும் மேலே போனேன். கட்டுவதற்கு வேறு ஆள் வைத்தேன். சுவர் பக்கமே போகவில்லை. குடகிலிருந்து வந்திருந்த அவர் கணவர் புதுச் சட்டையோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பன் வெட்டினார்கள். அவர் பச்சை வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிவந்து நிறுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

விழா முடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஏற்றம். பாதி தூரத்தில் கரண்டை சுருக்கென்று பிடித்துக்கொண்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அந்தப் பேட்டரி வண்டி சத்தமில்லாமல் வந்தது. கை காட்டினேன். நிறுத்தினார்.

"இன்னா சார், காலு எப்பிடி இருக்குது?"

"ஏத்தத்துல வலிக்குதும்மா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வுட்டுட்டுப் போறியா?"

அவர் திரும்பிப் பின்னாலிருந்த இரண்டு காலித் தொட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"இதுல ஆள ஏத்தக் கூடாதுங்க சார். எழுதி வாங்கிக்கினு இருக்காங்க. குப்பைய மட்டுந்தான் ஏத்தணும்."

எனக்கு உடனே பதில் வந்துவிட்டது. அப்படியானால் நான் ஏறலாமே என்பதுதான் அது. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நாக்கு நுனி வரை வந்ததைக் கடித்து நிறுத்தினேன். அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரா, சொல்லிவிடக் கூடாதே என்று பார்த்தாரா, எனக்குத் தெரியாது. விதி அதுதானா, இல்லை எனக்கு மட்டும் அந்த விதியா என்பதும் தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.

"சரிம்மா. நீ போ" என்றேன்.

நாலு பலாப்பழத்தை இறக்கிவிட்டு, யார் எவர் என்று கேட்காமல் என்னை ஏற்றிக்கொண்டவர், வண்டியை எடுத்தார். கைப்பிடியில் அந்த ஜிப் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பும்வரை அது ஆடிக்கொண்டே போனது. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, மிச்ச ஏற்றத்தை நடந்தேன்.